மணை மேல் லேப்டாப், சிட்டையில் குறிப்பு

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் குடியிருக்கிற நம் வீடுகளில் அப்பளம் நமுக்கும், தீக்குச்சி பற்றாது, துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரவாடை அடிக்கும். அந்த ஈரத்துக்கு நடுவில்தான் இப்போது வீட்டுக்கு ஒரு லேப்டாப்பும் குடியிருக்கிறது. 2011-இல் ஜோஹோ நிறுவனம் தென்காசிக்கு வந்து, பிறகு மத்தளம்பாறையில் பெரிய அலுவலகம் போட்டது. அதே 2011-இல் தமிழக அரசும் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 2020-இல் கொரோனா வந்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகளை வேலையோடு ஊருக்கு அனுப்பி வைத்தது. நானும் அப்போதிருந்து எங்கள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து கணக்கு வேலை பார்க்கிறேன். மதினி, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி போகும் பிள்ளைகள் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லித்தந்ததையும், நானாகக் கண்டுபிடித்ததையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன், தோழிகளே.

1. பரணில் கிடக்கும் மணைப்பலகையை இறக்கித் துடைத்து மேசை மேல் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும். ஒரு மணை போதாவிட்டால் இரண்டு. ஸ்டாண்டு வாங்கும் காசில் தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கிவிடலாம். அந்த இரண்டும் இல்லாமல் மணை மேலிருக்கும் விசைகளையே எட்டி எட்டித் தட்டினால், கழுத்து வலி தோளுக்கு இறங்கிவிடும்.

2. மெத்தையிலோ தலையணையிலோ லேப்டாப்பை வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். படுக்கையில் உட்கார்ந்துதான் வேலை என்றால், பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டையை அடியில் கொடுங்கள். சத்தமும் குறையும், சூடும் குறையும்.

3. சாரலில் பைக்கில் வந்து இறங்கியதும் லேப்டாப்பைத் திறந்து உயிர் கொடுக்காதீர்கள். பையின் வாயைத் திறந்து, காய்ந்த அறையில் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஏசி அறையிலிருந்து சட்டென்று ஈரக்காற்றுக்கு வந்தால் குளிர்ந்த செம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோக்குமே, அது லேப்டாப்புக்குள்ளும் கோக்கும்.

4. செருப்புப் பெட்டி, கைப்பை, மருந்து டப்பா என்று எதில் வந்தாலும் அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்தாறு சேர்ந்ததும் லேப்டாப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினால் பூஞ்சை வாடை அண்டாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பையின் உள் அறையில் வையுங்கள். சீசன் நடுவில் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

5. தண்ணீர் கொட்டிவிட்டதா? உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை வடிவில் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அரிசியின் தவிடும் மாவும் துளைக்குள் போய் உட்காரும், ஈரம் ஒன்றும் அதனால் வேகமாக இறங்காது. தலை உலர்த்தும் கருவியின் சூடும் வேண்டாம். காப்பியோ டீயோ கொட்டினால் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் ஒருமுறை கடைக்காரரிடம் காட்டிவிடுவது நல்லது.

6. கம்பி உடைந்த குடையின் துணியை வெட்டி எடுத்து, உள்ளே பழைய போர்வைத் துண்டு வைத்துத் தைத்தால் சாரலுக்குத் தாங்கும் அருமையான உறை. 14 அங்குல லேப்டாப் என்றால் அது திரையின் மூலைக்கு மூலை அளவு. உறைக்கு அந்தக் கணக்கு உதவாது. டேப்பால் உடம்பை அளந்து, நாலு பக்கமும் ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டுங்கள். என் உறைக்கு மேல்பக்கம் ஒரு பழைய சுங்குடிப் புடவையின் முந்தானை. ரயிலில் பத்துப் பை நடுவிலும் என்னுடையது தனியாகத் தெரியும்.

7. திரை துடைக்கப் பழைய வேட்டித் துணி போல் ஒன்று கிடையாது. நன்றாகப் பிழிந்த ஈரத்தோடு ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், திரையின் மேல்பூச்சு போய்விடும்.

8. விசைகளுக்கு இடையில் சேரும் மிக்சர் துகளுக்குப் பழைய பெயிண்ட் பிரஷ் போதும். லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். இன்னும் நல்லது, பக்கத்தில் தீனியே வைக்காமல் இருப்பது. எறும்பு மட்டுமா வரும்? நம் ஊர்க் குரங்கு முறுக்குக்குக் கை நீட்டினால் லேப்டாப்பும் சேர்ந்து கீழே வரும். தார்சாவில் வேலை என்றால் வலைக்கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

9. பென்டிரைவ், சார்ஜர் முனை, கேபிள் எல்லாவற்றிலும் மேல்பக்கம் எது என்று ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். அப்பாவுக்குச் சிவப்பு, மகளுக்கு நீலம் என்று வைத்தால் 'என் சார்ஜர் எங்கே' சண்டையும் ஓய்ந்துவிடும்.

10. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டா என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். பல மாதிரிகளில் இருக்கிறது. முழுக்க நிரம்பிச் சூட்டிலேயே கிடக்கும் பேட்டரிதான் சீக்கிரம் உப்பும்.

11. ஆடிக்காற்றில் மின்சாரம் போனாலும் லேப்டாப் ஓடும். நின்றுபோவது வைஃபை பெட்டி. அதற்கென்றே கைக்கடக்கமான சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

12. சாரலில் இடி அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரைக் கோடை மழையும் அப்படியில்லை. வானம் உறும ஆரம்பித்ததும் சார்ஜரையும் இணைய வயரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

13. நாற்பது தாண்டியவர்கள் எழுத்தின் அளவை 125 சதவீதம் ஆக்கிக்கொள்ளுங்கள், கண்ணாடி மாற்றும் செலவு கொஞ்சம் தள்ளிப்போகும். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் அவசியம். சின்ன அளவில் மெய்யின் புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும்.

14. முகப்புப் படத்துக்கு எங்கேயோ உள்ள பனிமலை எதற்கு? தண்ணீர் நிறைந்து விழும் நாளில் ஐந்தருவியை நீங்களே எடுத்த படத்தைப் போடுங்கள். ஆனால் படத்தின் இடது ஓரம் கரும்பாறையாக இருக்கும்படி வெட்டுங்கள், அப்போதுதான் சின்னங்களின் பெயர் தெளிவாகத் தெரியும். பூட்டுத் திரைப் படத்திலேயே ஓரமாக ஒரு தொடர்பு எண்ணை எழுதிவிட்டால், பஸ்ஸில் மறந்து வைத்த லேப்டாப் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

15. திரையில் ஐம்பது சின்னங்கள் இறைந்து கிடக்கிறதா? ஒரே ஓடை ஐந்தாகப் பிரிந்து விழுவதுதான் நம் அருவி. அப்படியே ஐந்து அடைவுகள் போதும்: அலுவலகம், வரவு செலவு, வீட்டுத் தாள்கள், பிள்ளைகள், படங்கள். ஆறாவது தேவைப்பட்டால் ஐந்தில் ஒன்றுக்குள் போடுங்கள்.

16. லேப்டாப் திறந்ததும் தானாக எழுந்து ஓடும் செயலிகள்தான் அதைத் திணறடிக்கின்றன. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், வேண்டாதவற்றை நிறுத்துங்கள். புதுசு வாங்கலாமா என்று யோசித்த பழைய லேப்டாப் இன்னும் இரண்டு வருஷம் ஓடும்.

17. சீசன் வந்தால் நம் வீடு சத்திரம்தான், தெரிந்ததே. சின்னம்மா பிள்ளைகள், அத்தான் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் 'ஒரு படம் மட்டும் பார்த்துக்கிடுதேன்' என்று வருவார்கள். அவர்களுக்கென்று லேப்டாப்பில் தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்து வையுங்கள், உங்கள் அலுவலகக் கோப்பு எதுவும் அதில் தெரியாது. எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் விசையோடு ஆங்கில 'எல்' அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரர்கள் மனம் நோகாமல் காரியம் முடிந்தது.

18. அரசு கொடுத்த பழைய லேப்டாப் அலமாரியில் தூங்கினால் எடுத்துத் தூசி தட்டுங்கள். ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது, நினைவிருக்கிறதா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்காத பழைய இயந்திரங்களுக்கு லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற இலகுவான, இலவச அமைப்புகள் பொருந்தும். பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் குறிப்பெழுத, கணக்கெழுத, மின்னஞ்சல் பார்க்கத் தாராளமாகப் போதும். எங்கள் மதினி அப்படி ஒன்றில்தான் சுயஉதவிக் குழுக் கணக்கு முழுவதும் வைத்திருக்கிறாள்.

19. தமிழில் குறிப்பெழுதுகிறவர்கள் ஒரு வாரம் பொறுமையாகத் தமிழ் 99 பழகிவிடுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய் பதினெட்டும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், உயிர்களுக்கு நடுவில் ஆய்தம். அதன் அழகே, ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுவதுதான். ஆங்கில ஒலியில் 'அத்தை' என்று கொண்டுவர ஏழு தட்டு தட்டுகிறோம். தமிழ் 99-இல் அ, த, த, ஐ, நாலே தட்டு. 'ந்த', 'ங்க', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் புள்ளி தானாக வரும். நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு விரல்வலி பாதியாகும், சத்தியமாகச் சொல்கிறேன்.

20. அதற்காகப் புதிய விசைப்பலகை வாங்கவேண்டாம். விலைச்சீட்டு ஒட்டும் வெள்ளை வில்லைகளில் எழுதி நடு வரிசைக்கு மட்டும் முதலில் ஒட்டுங்கள்: இடமிருந்து அ, இ, உ, ஃ, எ, பிறகு க, ப, ம, த, ந, ய. அது கைக்கு வந்ததும் மேல் வரிசை. மேலே ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் எண்ணெய்க் கையிலும் அழியாது. விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழையும் அதில் தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையும் இடைவெளிக் கட்டையும் சேர்ந்து ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றித் தரும்.

21. பழைய டி.டி.பி. கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். மாற்றாத குறிப்பைத் தேடி எடுக்கவே முடியாது.

22. விண்டோஸ் விசையோடு ஆங்கில 'வி' அழுத்திப் பாருங்கள். முதல்முறை கேட்கும்போது இயக்கிவிட்டால், அதன் பிறகு கடைசியாக நீங்கள் நகலெடுத்த 25 துண்டுகள் வரை வரிசையாக நிற்கும். வீட்டு முகவரி, ஜி.எஸ்.டி. எண் போல அடிக்கடி தேவைப்படுவதற்கு அதிலேயே குண்டூசி குத்தி வைக்கலாம்.

23. இனி குறிப்பு விஷயம். பாவூர்சத்திரத்தில் கமிஷன் கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று சிட்டை: விடியற்காலையிலிருந்து வந்த மூட்டை, போன மூட்டை, கைமாற்று, டீக்காசு எல்லாம் வந்த வரிசையிலேயே அதில் விழும். இன்னொன்று பேரேடு: ராத்திரி கடை சாத்தும் முன் சிட்டையைப் பார்த்து ஆள்வாரியாக அதில் ஏற்றுவார், ஏற்றிய வரிக்குச் சிட்டையில் ஒரு கோடு. நானும் செயலி மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் அந்த வழிக்கு வந்தேன். 'சிட்டை' என்று ஒரே ஒரு குறிப்பு. பகலில் போனில் சொன்னது, கூட்டத்தில் கேட்டது, நினைவுக்கு வந்தது எல்லாம் யோசிக்காமல் அதில். சாயங்காலம் விளக்கேற்றும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் அந்தந்த வாடிக்கையாளர் பக்கத்துக்கு ஏற்றிவிட்டுச் சிட்டையில் அழித்துவிடுவேன். இந்தப் பழக்கம் இருந்தால் எந்த இலவசச் செயலியும் போதும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியதிலும் எதுவும் அகப்படாது.

24. செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் நாலு பரீட்சை வையுங்கள். இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்தால் எழுத விடுகிறதா? போனில் எழுதியது லேப்டாப்பில் வருகிறதா? தமிழ்ச் சொல்லைத் தேடித் தருகிறதா? எழுதியதை எல்லாம் மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? நாலில் கடைசியில் தவறினால் வேண்டவே வேண்டாம்.

25. துண்டுச் சீட்டு போல எழுதி ஒட்டுகிறவர்களுக்கு கூகுள் கீப் சரி. கலர் கலராக ஒட்டலாம், நினைவூட்டலும் வைக்கலாம். பைண்டு நோட்டில் பிரிவு பிரித்து, பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஒன்நோட். எழுத்து, படம், குரல், செய்ய வேண்டிய பட்டியல் எல்லாம் தனித்தனி அட்டையாகக் கண்ணுக்கு நிறைவாக வேண்டும் என்பவர்களுக்கு ஜோஹோவின் நோட்புக். 2016-இல் வந்த அந்தச் செயலி விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும், விளம்பரம் கிடையாது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மத்தளம்பாறைக்காரர்கள் என்ற ஊர்ப்பாசமும் சேர்ந்துதான், மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன நாலு பரீட்சையும் வைத்த பிறகே எடுத்தேன். மூன்று செயலியையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

26. 'இலவசம்தானே, என்றைக்கும் இருக்கும்' என்று நம்பி மொத்தத்தையும் ஓரிடத்தில் கொட்டவேண்டாம். எவர்நோட் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்டு என்று வரம்பு கட்டியது. ஆயிரக்கணக்கில் எழுதி வைத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் வெளியே எடுக்கும் வழியைத் தேடும் நிலை. நீங்கள் சேர்ந்த அன்றே பத்துக் குறிப்பை ஏற்றுமதி செய்து, தமிழ் உடையாமல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

27. குறிப்பெல்லாம் நம் லேப்டாப்பிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஆப்சிடியன் பிடிக்கும். 2025 பிப்ரவரி முதல் அலுவலக வேலைக்கும் இலவசம். செயலியே ஒரு நாள் மறைந்தாலும் கோப்பை நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம்.

28. எதுவும் வேண்டாம், விண்டோஸோடு வரும் நோட்பேடே போதும் என்றால் இந்த வித்தை. புதுக் கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எல், ஓ, ஜி என்று மூன்றெழுத்து அடித்துச் சேமியுங்கள். அதன் பிறகு திறக்கும்போதெல்லாம் தேதியும் மணியும் தானாகக் கடைசியில் விழும். வேலைக்காரர் வந்த நேரம், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், தண்ணீர் லாரி வந்த நாள் எழுத இதைவிட லேசான வழி இல்லை.

29. கோப்புக்குத் தேதி வைத்துப் பெயரிடும்போது வருஷத்தை முன்னால் போடுங்கள்: 2025-06-14 வாடகை ரசீது. நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து முதல் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும்.

30. 'முக்கியம்' என்று தலைப்பு வைக்காதீர்கள். எங்கள் மதினியிடம் அப்படிப் பதினோரு குறிப்பு இருந்தது. நாளைக்கு எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவீர்களோ அதையே தலைப்பாக வையுங்கள்: 'மோட்டார் ரிப்பேர் செங்கோட்டை', 'பாப்பா தடுப்பூசி'.

31. தமிழில் தேடும்போது முழுச் சொல்லைத் தட்டினால் பாதி தப்பிவிடும். நம் சொற்கள் வேற்றுமை ஏறினால் உருவம் மாறுபவை. 'பணம்' என்று தேடினால் 'பணத்தை', 'பணத்துக்கு' எதுவும் வராது. 'பண' என்று அடியை மட்டும் தட்டுங்கள், எல்லாம் வந்து நிற்கும். 'மரம்' வேண்டுமா, 'மர' போதும்.

32. கடை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து வாரண்டிக்கு எடுத்தால் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். சூட்டில் அச்சாகும் தாள் அது, வெயிலும் ஈரமும் பட்டால் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக் குறிப்பில் ஒட்டி, பொருளின் பெயரையும் தட்டி வைத்துவிடுங்கள்.

33. தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? கிளிப் போட்டுச் சேர்த்து லேப்டாப் பக்கத்தில் வையுங்கள். போனில் பேசிக்கொண்டே கிறுக்க அதுதான் வசதி. சாயங்காலம் சிட்டையில் ஏறியதும் அடுப்பு பற்றவைக்கப் போய்விடும்.

34. நடக்கும்போதுதான் எனக்கு யோசனை வரும். போனில் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழும் உண்டு; மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. அருவிக்கரையில் மட்டும் முயலவேண்டாம், தண்ணீர்ச் சத்தத்தில் அதற்கு ஒன்றும் விளங்காது.

35. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கோ, மலைப்பாதையில் கொல்லத்துக்கோ போகிறவர்கள் ரயில் ஏறும் முன் வீட்டு வைஃபையிலேயே அன்றைக்கு வேண்டிய குறிப்புகளைத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள். செங்கோட்டை தாண்டிக் குகைக்குள் நுழைந்துவிட்டால் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

36. கேமரா கூட்டத்துக்கு விளக்கு வாங்காதீர்கள், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பின்னால் ஒரு வெள்ளை வேட்டி தொங்கினால் போதும்.

37. ஏ.டி.எம். ரகசிய எண், வங்கிக் கடவுச்சொல் எதையும் குறிப்புச் செயலியில் எழுதாதீர்கள், பூட்டுப் போட்ட குறிப்பிலும் வேண்டாம். அதே கண்டிப்பு அலுவலக விஷயத்துக்கும்: வாடிக்கையாளர் விவரம் அலுவலகம் கொடுத்த செயலியில் மட்டும், மளிகைப் பட்டியல் நம் செயலியில். இரண்டையும் கலந்தால் வேலை மாறும் நாளில் பிரிக்க முடியாமல் திண்டாடுவோம்.

38. விதைநெல்லை யாரும் ஒரே குதிரில் போட்டு வைப்பதில்லை. நம் குறிப்பும் கோப்பும் அப்படித்தான்: ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று இணையத்தில், ஒன்று வெளியே எடுத்து வைக்கும் வட்டில். என்றைக்கு எடுப்பது என்பதுதான் மறந்துபோகும். அதனால் நான் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீடு மெழுகி முடித்ததும் வட்டைச் செருகிவிடுவேன், சமையல் முடிவதற்குள் பிரதி ஏறிவிடும். வட்டை ஒரு மூடி இறுக்கமான டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

39. அந்த மூன்றில் ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நிம்மதி. இதே ஐந்தருவிச் சாலையில் வாழ்ந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமானது, கடிதம் பெற்ற நண்பர்கள் வீட்டில் அவை பத்திரமாக இருந்ததால்தான். என்னிடம் இரண்டு வட்டு இருக்கிறது. ஒன்று செங்கோட்டையில் தங்கச்சி வீட்டு பீரோவில், இன்னொன்று என் டப்பாவில். பொங்கல்படி கொடுக்கப் போகும்போது புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவேன். அவளுடையது ஒன்று என் பீரோவில் இருக்கிறது.